விழுந்தால் யார் பொறுப்பு?

ஒக்லாந்தில் எங்கட சனத்துக்கும் வயது போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் ஸ்பொன்சர் பண்ணி வந்தவர்கள், அகதியாய் வந்து இங்கேயே நரைத்தவர்கள் என்று பலர். "அம்மா பாத்ரூமுக்குள்ள விழுந்திட்டா" என்ற தொலைபேசி அழைப்பு எனக்கு எத்தனையோ தரம் வந்திருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு சொந்த வீட்டில் தனியே இருப்பது பெரும்பாடு. இந்த விழுகைக்கு நியூசிலாந்தில் ஒரு வரலாறு உண்டு.

1967இல் நீதிபதி ஓவன் வூட்ஹவுஸ் தலைமையிலான ஆணைக்குழு ஓர் அறிக்கை கொடுத்தது. யார் பிழை என்று வழக்காட வேண்டாம், காயப்பட்டவரைச் சமூகமே பொறுப்பெடுக்கட்டும் என்பது அதன் சாரம். அதன்படி 1974 ஏப்ரல் 1இல் தொடங்கியதுதான் நாங்கள் ஏ.சி.சி. என்று சொல்லும் விபத்து இழப்பீட்டு ஏற்பாடு. வேலைத்தலத்தில் விழுந்தாலும் சொந்தக் குசினியில் சறுக்கினாலும் அதற்கு ஒன்றுதான். விசிற் விசாவில் வந்து நிற்கிற அம்மா விழுந்தாலும் இங்கே நடக்கும் சிகிச்சைக்கு அது உதவும். (இது எங்கட ஆட்கள் பலருக்குத் தெரியாது!)

ஆச்சி விழுந்தால் செலவு பொதுக்காசில். அப்படியென்றால் ஆச்சி விழாமல் இருப்பது நாட்டுக்கே லாபம். இதில் தர்மத்தைவிடக் கணக்குத்தான் கூட வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம். பரவாயில்லை, நல்ல கணக்கு.

1990களில் டனீடின் நகரில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஜோன் கம்பெல், கிளயர் றொபேட்சன் முதலானோர் 80 வயதும் அதற்கு மேலுமான 233 பெண்களை ஆய்வுக்கு எடுத்தார்கள். ஒரு பாதியினரின் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் முதல் இரண்டு மாதத்தில் நாலு தரம் போய்ப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். கணுக்காலில் பாரப்பட்டி கட்டிக் காலைத் தூக்குவது, கையூன்றாமல் கதிரையால் எழும்புவது, ஒற்றைக்காலில் நிற்பது, பின்பக்கமாய் நடப்பது... இவ்வளவுதான். கிழமைக்கு மூன்று நாள், அரை மணித்தியாலம். மற்றப் பாதியினருக்குப் பயிற்சி இல்லை. ஒரு வருடத்தில் பயிற்சி செய்தவர்கள் விழுந்தது 88 தரம், செய்யாதவர்கள் 152 தரம். 1997இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இது வெளிவந்தது.

பிறகு எங்கட மேற்கு ஒக்லாந்திலேயே, பயிற்சி பெற்ற ஒரு தாதியை வைத்து 75 வயதுக்கு மேற்பட்ட 240 பேரிடம் செய்து பார்த்தார்கள். விழுகை 46 வீதம் குறைந்தது (2001). இன்று 'ஒட்டாகோ பயிற்சி' என்ற பெயரில் பல நாடுகளில் இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இனி எங்கட வீடுகளுக்கு வருவோம். ஊரில் அம்மாமார் கிணற்றடியில் குந்தி எழும்பினார்கள், திருவலையில் இருந்து தேங்காய் திருவினார்கள், முற்றம் கூட்டினார்கள். பயிற்சி என்ற பெயரில்லாமலே கால் பலமாய் இருந்தது. இங்கே வந்ததும் நாங்கள் அவர்களைச் சோபாவில் இருத்தி, ஹீற்றரைப் போட்டு, "நீங்க ஒண்டும் செய்யாதேங்கோ அம்மா" என்கிறோம். கையில் தேத்தண்ணி, முன்னால் நாடகம். பார்க்கிறவர்கள் நல்ல பிள்ளை என்பார்கள். ஆனால் இரண்டு மாரிக்குள் கால் தசை கரைந்து, மனிசி கதிரையால் எழும்பவே ஆள் தேட வேண்டிவரும். சுவரில் கைபிடி பூட்டுவது, வழுக்கும் காலுறையைத் தவிர்ப்பது எல்லாம் நல்லதுதான். ஆனால் எழும்பப் பலமில்லாத காலுக்குக் கைபிடி எவ்வளவுதான் உதவும்?

இன்னொரு சிக்கல் மொழி. தாதி ஆங்கிலத்தில் சொல்ல, ஆச்சி "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவா. அவர் போனதும் பாரப்பட்டி கட்டிலுக்குக் கீழே போய்விடும். 1996ஆம் ஆண்டின் நோயாளர் உரிமைக் கோவையில், தேவையான, நடைமுறையில் முடிந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையும் இருக்கிறது. வீட்டுக்கு வரத் திகதி வைக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். மருமகனை மொழிபெயர்க்க விட்டால் மாமி காலைத் தூக்கிக் காட்டமாட்டா.