பாடசாலைச் சித்திரக் கல்வியும் இயலுறு தோற்றமும்

புகையிரதப் பாதையொன்றின் நடுவே நின்று நோக்குவோர்க்கு அதன் இரு தண்டவாளங்களும் தொலைவிற் செல்லச் செல்ல நெருங்கி, ஈற்றில் ஒரு புள்ளியிற் கூடுவனபோலத் தோன்றும். அவை எங்கும் கூடுவதில்லை என்பதை அறிவு உணரும். கூடுகின்றன என்றே கண் கூறும். அறிந்ததை வரைவதா, கண்டதை வரைவதா என்னும் வினா இங்கே எழுகின்றது. ஓரிடத்தில் நின்று காண்பவனுக்குப் பொருள்கள் எவ்வாறு தோன்றுகின்றனவோ, அவ்வாறே அவற்றைத் தளத்தின்மீது கணித முறைப்படி அமைக்கும் விதிகளின் தொகுதியை இயலுறு தோற்றம் என்பர். இக்கலை ஓவியர் பட்டறையிற் பிறந்து, நூலுருப் பெற்று, கலைக்கழகங்களுட் புகுந்து, கைத்தொழிலின் தேவையாற் பாடசாலைக்கு வந்தது. பின்னர்க் குழந்தையின் பெயரால் அங்கிருந்து விலக்கவும்பட்டது. இவ்வரலாற்றை நோக்குமிடத்து, ‘இதனைக் கற்பிக்கலாமா, ஆகாதா?’ என்பதினும், ‘எப்பருவத்தில், எந்நோக்கத்திற்காகக் கற்பித்தல் வேண்டும்?’ என்பதே தக்க வினா என்பது புலனாகும்.

இயலுறு தோற்ற விதிகளின் பிறப்பிடம் இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரம் ஆகும். 1420 ஆம் ஆண்டிற்குச் சிறிது முன்பின்னாக, கட்டடக் கலைஞராகிய புறூனெலெஸ்கி என்பார், பேராலயத்தின் வாயிலிலிருந்து காணும்போது தோன்றுமாறே எதிரிலுள்ள எண்கோண வடிவான ஞானஸ்நான மண்டபத்தை ஒரு பலகையில் வரைந்தார். அப்பலகையில் ஒரு துளையிட்டு, அதன் பின்புறத்தே கண்ணை வைத்து, முன்னே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிரதிபிம்பத்தைக் காணச் செய்தார். கண்ணாடியை அகற்றியதும் உண்மையான மண்டபமே அவ்விடத்திற் காட்சியளித்தது. ஓவியமும் காட்சியும் ஒத்திருந்தமை கண்டு மக்கள் வியந்தனர். எனினும், இவ்வற்புதத்திற்கு ஒரு நிபந்தனை இருந்தமை கருதத்தக்கது: காண்பவன் ஒரு கண்ணால், அசையாது, குறித்த ஓரிடத்தில் நின்றே காணல் வேண்டும். இந்நிபந்தனையைப் பிற்காலத்துப் போதனாசிரியர் பலர் மறந்தமையே பல பிழைகளுக்குக் காரணமாயிற்று.

பட்டறையில் வழங்கிய இவ்வறிவை நூலாக்கியவர் லியோன் பத்திஸ்தா அல்பேர்ட்டி ஆவர். 1435 ஆம் ஆண்டில் ஓவியம்பற்றி அவர் எழுதிய நூல், படத்தை ஒரு சாளரமாகக் கருதுமாறு கற்பித்தது. சதுரக் கற்கள் பதித்த தரையொன்றைச் சுருங்கிச் செல்வதாக வரையும் முறையை அது விளக்கியது. கணிதம் கல்லாதார்க்கு உதவும்பொருட்டு, நூல்களாற் கட்டம் பிரித்த மெல்லிய துணித்திரையொன்றைச் சட்டத்திற் கட்டி, அதனூடே பொருளை நோக்கி வரையும் உபாயத்தையும் கூறியது. ஜேர்மனியரான அல்பிறெக்ட் டியூறர் 1525 இல் வெளியிட்ட அளவை நூலிலே, சுவரில் அடித்த ஆணியொன்றிற் கட்டிய கயிற்றைப் பார்வைக் கதிராகக் கொண்டு இருவர் ஒரு வீணையின் வடிவைப் புள்ளி புள்ளியாகப் பெயர்த்தெடுக்கும் காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. இக்கருவிகள் யாவும் விதியைப் புகட்டுமுன் கண்ணைப் பழக்குவன. காட்சியை முதலிலும் விதியை அதன் பின்னும் வைத்த அம்முறை, கற்பித்தலுக்கு இயைந்த முறையென்பதில் ஐயமில்லை.

கலைக்கழகங்கள் தோன்றிய காலத்தில் இவ்வொழுங்கு மாறிற்று. பாரிசு நகரில் 1648 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அரச ஓவியக் கழகத்தில் இயலுறு தோற்றத்தைக் கற்பித்தவர் ஏபிரகாம் பொஸ் என்னும் செதுக்கோவியர். கேத்திரகணித வல்லுநரான டெசாக்கின் முறையைப் பின்பற்றிய அவர், ஓவியன் கண் காட்டியவாறன்றி விதி காட்டியவாறே வரைதல் வேண்டுமென வற்புறுத்தினார். லெ பிறன் முதலிய ஓவியர்கள் கலைஞனின் கண்ணுக்கும் தீர்ப்புக்குமே முதன்மை உண்டென வாதாடினர். பூசல் முற்றி, 1661 இல் பொஸ் கழகத்தினின்று நீக்கப்பட்டார். இருசாராரும் உண்மையின் ஒவ்வொரு பாகத்தைப் பற்றிநின்றனர் எனலாம். அதே பிரான்சு நாட்டில் மொஞ்சு என்பார், பொருள்களின் வடிவைத் தளத்தில் துல்லியமாகக் காட்டும் விவரணக் கேத்திரகணிதத்தை அமைத்தபோது, அது நெடுங்காலம் இராணுவ இரகசியமாகப் பேணப்பட்டது. 1795 இலேயே பகிரங்கமாகப் போதிக்கப்பட்டது. வரைதல் என்பது அழகுக்கு மட்டுமன்றி, அரணுக்கும் இயந்திரத்துக்கும் உரிய மொழி என்பதை அரசுகள் அப்போது உணரத் தலைப்பட்டன.

இவ்வுணர்வே சித்திரத்தைப் பொதுமக்களின் பாடசாலைக்குக் கொணர்ந்தது. இங்கிலாந்தின் பொருள்கள் அழகமைப்பிற் பிரெஞ்சுப் பொருள்களுக்குப் பின்னிடுகின்றன என்ற அச்சத்தால், 1837 இல் இலண்டனில் அரசாங்க வடிவமைப்புப் பள்ளி திறக்கப்பட்டது. 1851 ஆம் ஆண்டின் மாபெரும் கண்காட்சி அவ்வச்சத்தை மேலும் வலியுறுத்தியது. அதன்பின் ஹென்றி கோல், றிச்சட் றெட்கிறேவ் என்னும் இருவரும் நாடு முழுவதற்குமாக 23 படிகள் கொண்ட பாடத்திட்டமொன்றை வகுத்தனர். சௌத் கென்சிங்ற்றன் முறை எனப் பின்னர் பெயர்பெற்றது இதுவே. இதன் முதற்படி கருவிகளைக் கொண்டு வரையும் கேத்திரகணிதம், இயந்திரப்படம், நேர்கோட்டு இயலுறு தோற்றம் ஆகியன. இறுதிப்படிகளிலேதான் மாணவன் சுயமாக ஒரு வடிவத்தை அமைக்க இடமளிக்கப்பட்டது. கனசதுரம், கூம்பு, உருளை ஆகிய மாதிரிகளை மேசைமீது வைத்து வரைதலும், அச்சிட்ட படங்களைப் பிரதி செய்தலும், பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்ப ஆசிரியர்க்கு ஊதியம் அளித்தலும் இதன் அங்கங்களாயின. இம்முறையிற் பயின்ற உவோல்ற்றர் சிமித் என்பார் 1871 இல் அமெரிக்காவின் மசாசூசெற்சு மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கும் இதனைப் பரப்பினார்.

இம்முறையைக் குறைகூறுவோர் அதன் நன்மையையும் மறத்தலாகாது. வறியவர் பிள்ளைக்கும் வரைதல் உரியது என்பதையும், அது பிறவிப் பேறன்றிப் பயிற்சியால் எய்தக்கூடியது என்பதையும் இம்முறை நிலைநாட்டிற்று. ஆயினும், பரீட்சையிற் புள்ளியிடுதற்கு எளிதானதே பாடத்தின் உயிரெனக் கருதப்பட்டது. சாள்ஸ் டிக்கன்சு 1854 இல் எழுதிய புதினமொன்றிலே, குதிரைப் படம் பொறித்த சுவர்த்தாள் ஒட்டலாமா எனப் பிள்ளைகளைக் கேட்டு மருட்டும் உத்தியோகத்தர் கோலின் கொள்கையை எள்ளி நகையாடவே படைக்கப்பட்டவர்.

கடுமையாக எதிர்த்த இன்னொருவர் யோன் றஸ்கின் ஆவர். 1854 முதல் இலண்டன் தொழிலாளர் கல்லூரியிற் சித்திரம் கற்பித்த அவர், 1857 இல் வெளியிட்ட கைந்நூலிலே கூழாங்கல்லையும் இலையையும் உற்றுநோக்கி வரைதலை வற்புறுத்தினார். அந்நூல் பன்னிரண்டு அல்லது பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உரியதன்றெனவும், அவ்வயது வரை பிள்ளை தன் விருப்பம்போல வரைதலே நன்றெனவும் அவர் கருதினார். இயலுறு தோற்றத்தை அவர் அறவே ஒதுக்கினாரல்லர். 1859 இல் அதற்கெனத் தனிநூல் எழுதி, யூக்கிளிட்டின் முதல் மூன்று புத்தகங்களோடு சேர்த்துப் பயிலுமாறு கூறினார். கேத்திரகணிதம் அறிந்த வயதினர்க்கே அது பொருந்தும் என்பது அவர் கருத்து. பருவம் அறிந்து பாடம் அமைத்தல் என்னும் உண்மை இங்கே தெளிவாகக் காணப்படுகின்றது.

பிரித்தானிய ஆட்சி பரவிய நாடுகளில் இப்பாடம் மற்றுமொரு சிக்கலை உண்டாக்கிற்று. 1850 இல் மருத்துவர் அலெக்சாந்தர் ஹன்டர் சென்னையிற் கலைப்பள்ளியொன்றைத் தொடங்கினார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. அங்கெல்லாம் ஐரோப்பிய முறையே சரியான முறையென்றும், ஏனையவை அறியாமையின் விளைவென்றும் எண்ணும் மனப்பாங்கு வளர்ந்தது. 1884 இற் சென்னைப் பள்ளியின் தலைவராக வந்து, 1896 இற் கல்கத்தாவுக்கு மாறிய ஈ. பி. ஹவெல் இதனை மறுத்து, இந்திய ஓவியமே இந்திய மாணவனுக்கு அடிப்படையாதல் வேண்டுமென்றார். அவனீந்திரநாத் தாகூர் அவருக்குத் துணைநின்றார்.

கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலைபற்றிய நூல், ஈழத்தின் பழைய சித்திரக் கல்வியைப் பதிவு செய்துள்ளது. கண்டிநாட்டுக் கம்மாளர் மரபில் மாணவன் முதலில் வரையப் பழகியது நேர்கோடன்று. ‘வக தெக’ எனப்படும் இரட்டை வளைவே. அவ்வளைவினின்று கொடியும், மலரும், அன்னமும் படிப்படியாக விரிந்தன. பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தெகல்தொறுவை விகாரைச் சுவரோவியங்களில், கதை நீண்ட பட்டிகளாக ஓடுகின்றது. ஒரே மாந்தர் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றனர். அங்கே பார்ப்பவன் ஓரிடத்தில் நிற்பவனல்லன். கதையோடு நடந்து செல்பவன். அவனுக்கு ஒற்றை மறைபுள்ளி வேண்டுவதன்று. ஆகவே இவ்வோவியரை ‘இயலுறு தோற்றம் அறியாதார்’ என்று மட்டும் சொல்லி அமைவது, செய்யுளைப் பார்த்து ‘உரைநடை அறியாதது’ என்று பழித்தலை ஒக்கும்.

இவ்வாறு கீழைநாடுகளில் மரபின் பெயரால் எழுந்த மறுப்பு, ஐரோப்பாவிற் குழந்தையின் பெயரால் எழுந்தது. 1897 இல் வியன்னா நகரிற் பிரான்சு சிசெக் சிறுவர்க்கான ஓவிய வகுப்பொன்றை நிறுவி, விதிகளைப் புகட்டாது அவர்தம் கற்பனைக்கே இடமளித்தார். அவ்வகுப்பின் படைப்புகள் 1920 இல் இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. டட்லி நகரப் பெண்கள் உயர்தரப் பாடசாலையில் மரியன் றிச்சட்சன், ஒரு காட்சியைச் சொற்களால் வருணித்து, மாணவியர் கண்களை மூடி அகத்தே கண்டபின் வரையச் செய்தார். பிரதி செய்தலால் வறண்டிருந்த வகுப்பறைகளுக்கு இவ்வியக்கம் புத்துயிர் அளித்தது. ஆயினும், இதனைப் பின்பற்றியோருட் பலர் சிறுவர் பள்ளிக்கு உரியதை உயர்தர வகுப்புக்கும் உரியதாக்கி, எதனையும் கற்பியாமையே சிறந்த கற்பித்தல் எனக் கொண்டனர். முன்னையோர் பிழையின் மறுதலையே இது.

இவ்விரு முனைகளுக்கும் இடையே வழிகாட்டியது குழந்தை உளவியல். பிரெஞ்சு அறிஞர் லூக்கே, சிறு பிள்ளை தான் காண்பதையன்றித் தான் அறிந்ததையே வரைகின்றது என 1927 ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். மேசைக்கு நான்கு கால்களும் வெளியே தெரிய வேண்டும் என்று பிள்ளை கருதுவது பிழையன்று; அவ்வயதின் தருக்கம். பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948 இல் வெளியிட்ட ஆய்வு, பிறிதோரிடத்தில் நிற்பவனுக்குக் காட்சி எவ்வாறு தோன்றும் என எண்ணும் ஆற்றல், ஒன்பது பத்து வயதளவிலேயே ஒழுங்குபெறுகின்றது எனக் காட்டிற்று. பொருள்கள் வைத்த மேசையொன்றை ஐந்து முதற் பதினேழு வயது வரையுள்ளோர் வரைந்த படங்களை ஆராய்ந்து, யோன் வில்லாற்சு 1977 இல் வெளியிட்ட முடிவுகள் மேலும் சுவையானவை. சாய்கோடுகளால் ஆழத்தைக் காட்டும் முறையும், கோடுகள் குவியும் முறையும் பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதளவிலே தோன்றின. அச்சாய்கோட்டு முறையே கீழைநாட்டு ஓவியங்கள் பலவற்றிலும் பயில்வதாகும். லோவன்பெல்ட் 1947 இல் எழுதிய நூலோ, கட்டிளமைப் பருவத்தில் மாணவன் தன் படத்தைத் தானே குறைகாணத் தொடங்குகின்றான் என்பதை எடுத்துக்காட்டிற்று. ‘எனக்கு வரையத் தெரியாது’ என்று பென்சிலைக் கீழே வைக்கும் வயது அதுவே. அப்பருவத்தில் உதவி மறுக்கப்படின், பலர் வாழ்நாள் முழுவதும் அப்பென்சிலை மீண்டும் எடுப்பதில்லை. உயர்தர வகுப்புச் சித்திர ஆசிரியரின் பொறுப்பு இங்கேதான் தங்கியுள்ளது.

ஈழத்தில் இப்பொறுப்பை உணர்ந்தோர் இல்லாமலில்லை. 1920களிற் கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராக விளங்கிய சி. எவ். வின்சரும், அவருக்குப்பின் அப்பதவியை வகித்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங்கும் பாடசாலைச் சித்திரத்தில் நவீன கலையுணர்வைப் புகுத்தினர். 1938 இல் யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபையின் முயற்சியாற் சித்திர ஆசிரியர்களை ஒன்றுசேர்த்த கழகம் வின்சரின் பெயரையே தாங்கிற்று. 1943 இற் கொழும்பில் எழுந்த 43 குழுவிற் பீலிங்கும் பங்குகொண்டார். பாடசாலை ஆசிரியரும் பரிசோதகருமே நாட்டின் கலை மறுமலர்ச்சிக்கு ஏணியாயினர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, இயலுறு தோற்றம் பிள்ளையின் தொடக்கப் பாடமாதல் ஆகாது. கண்டவாறு வரைய வேண்டும் என்னும் வேட்கை மாணவனிடத்தே எழும் உயர்தர வகுப்புகளே அதற்குரிய இடம். இரண்டாவது, விதிக்குமுன் காட்சி அமைதல் வேண்டும். பாடசாலை விறாந்தையின் தூண்களை நோக்கச் செய்து, சாளரக் கண்ணாடிமீது வெளிக்காட்சியின் கோடுகளை வரையச் செய்து, இருந்தும் எழுந்தும் பார்க்கக் கண்மட்டக் கோடு உடன் இறங்கி ஏறுவதை உணரச் செய்தபின்னரே, மறைபுள்ளியைக் கரும்பலகையில் வெண்கட்டியாற் குறித்தல் தகும். மூன்றாவது, ஓரிடத்தில் நிற்பவனின் காட்சி இது என்னும் நிபந்தனையையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும். அங்ஙனம் கற்பிக்கப்பட்ட மாணவன் புளோரன்சு நகரத்து ஓவியத்தையும் தெகல்தொறுவைச் சுவரையும் ஒன்றுக்கொன்று தாழ்த்தாது, அவற்றினவற்றின் நோக்கமறிந்து சுவைப்பான். தான் வரையும்போது தனக்கு வேண்டிய முறையைத் தானே தேர்வான். அத்தேர்வுரிமையை அளித்தலே சித்திரக் கல்வியின் பயன் ஆகும்.