இடைவெளிக்கு என்ன மதிப்பு?

"12 500" என்று ஒரு ஸ்ட்ரிங். நடுவில் ஒரு ஸ்பேஸ். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதை எண்ணாக மாற்றச் சொன்னால் பார்ஸ்இன்ட் 12 என்கிறது. நம்பர் ஃபங்ஷனோ 'நேன்', அதாவது இது எண்ணே இல்லை என்கிறது. சரி, வெறும் ஸ்பேஸை மட்டும் கொடுத்துப் பார்ப்போம். இப்போ பார்ஸ்இன்ட் நேன் என்கிறது, நம்பர் 0 என்கிறது. அப்படியே தலைகீழ்! ஏன் இப்படி என்று தேடப் போனால், கதை பஞ்ச் கார்டு காலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

1966-இல் தரப்படுத்தப்பட்ட ஃபோர்ட்ரானில், ஒவ்வொரு எண்ணுக்கும் கார்டில் இத்தனை கட்டம் என்று ஒதுக்கியிருப்பார்கள். எண்ணுக்கு முன்னால் வரும் காலிக் கட்டத்துக்கு மதிப்பில்லை. பின்னால் வந்தால் அது பூஜ்யம்! நான்கு கட்டத்தில் 12-ஐ ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளி அடித்தால் 120 ஆகிவிடும். முழுக்கக் காலியாக விட்டால் 0. காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா என்று ப்ரோக்ராமரே சொல்லும் வசதி ஃபோர்ட்ரான் 77-இல்தான் வந்தது.

சி மொழி வேறு வழியில் போனது. அதன் ஏடுஐ ஃபங்ஷன் முன்னால் இருக்கும் ஸ்பேஸ்களைத் தாண்டும், இலக்கங்களைப் படித்துக்கொண்டே போகும், வேறு ஏதாவது குறுக்கே வந்தால் அங்கேயே நின்றுவிடும். மீதி என்ன ஆச்சு என்று அதற்குக் கவலையில்லை. 1995-இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட்டின் பார்ஸ்இன்ட்டுக்குப் பெயர் ஜாவாவில் இருப்பது, குணம் சியில் இருப்பது. ஜாவாவில் இதே பெயருள்ளது ஒரு ஸ்பேஸைப் பார்த்தாலே எக்ஸெப்ஷன் வீசிவிடும்.

நம்பர் ஃபங்ஷன் முழு ஸ்ட்ரிங்கையும் பார்க்கிறது. இரண்டு ஓரத்திலும் ஸ்பேஸ் இருக்கலாம், நடுவில் கூடாது. காலி ஸ்ட்ரிங்கும் வெறும் ஸ்பேஸும் 0 என்று 1997-இல் வந்த முதல் எக்மாஸ்கிரிப்ட் தரத்திலேயே எழுதிவிட்டார்கள். ஃபோர்ட்ரானைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முடிவு மட்டும் ஒன்றாக இருக்கிறது.

நேன் வந்தால் பரவாயில்லை, உடனே கண்ணில் படும். 12500 ரூபாய் 12 ரூபாய் ஆவதும், நிரப்பாத கட்டம் 0 ரூபாய் ஆவதும்தான் ஆபத்து. எந்த எர்ரரும் இல்லாமல் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

எண்ணுக்கு நடுவே ஸ்பேஸ் விடுவது தப்பும் கிடையாது. நீளமான எண்களைப் படிக்க வசதியாக மும்மூன்றாகப் பிரிக்கலாம், அந்த இடைவெளியில் புள்ளியோ காற்புள்ளியோ வைக்கக்கூடாது என்று 1948-லேயே எடைகள் அளவுகளுக்கான பொது மாநாடு தீர்மானம் போட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதே ஜாவாஸ்கிரிப்ட்டிடம் ஒரு பெரிய எண்ணைப் பிரெஞ்சு முறையில் எழுதித் தரச் சொன்னால், இப்போதைய பிரௌசர்கள் வரி உடையாத ஒரு குறுகிய ஸ்பேஸைப் போட்டுத் தருகின்றன. அதைத் திருப்பி நம்பரிடம் கொடுத்தால் நேன்! தான் எழுதியதைத் தானே படிக்காது.

என் வழக்கம் இதுதான். ட்ரிம் ஓரங்களை மட்டுமே வெட்டும், போதாது. கீபோர்டில் அடிக்கும் ஸ்பேஸைத் தேடி நீக்கினால் அந்தக் குறுகிய ஸ்பேஸ் தப்பித்துவிடும். அதனால் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்வுக்கோடு எஸ் போட்டு ரிப்ளேஸ் செய்கிறேன். ஜி ஃப்ளாக் முக்கியம், இல்லையென்றால் முதல் ஸ்பேஸ் மட்டுமே போகும். பிறகு ஸ்ட்ரிங் காலியா என்று பார்த்துவிட்டுத்தான் நம்பரிடம் கொடுப்பேன்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அந்த "12 500" ஒரே எண்ணா, அல்லது 12, 500 என்று இரண்டு எண்களா? கண்ணை மூடிக்கொண்டு ஸ்பேஸை நீக்கினால், 12 பெட்டி 500 ரூபாய் என்பது 12500 ஆகிவிடும். இதற்கு எந்த ஃபங்ஷனிலும் விடை கிடையாது. டேட்டாவை அனுப்பியவரிடம்தான் கேட்க வேண்டும்.