ஃபார்தர், ஃபர்தர்

ஃபார்தர் என்பது, இரண்டு இடங்களில் எது கூடுதல் தொலைவில் உள்ளது என்று சொல்ல ஆங்கிலத்தில் வழங்கும் ஒப்பீட்டுச் சொல். தொலைவைக் குறிக்கும் ‘ஃபார்’ என்பதன் ஒப்பீட்டு வடிவமாக இதைப் பள்ளி இலக்கணங்கள் காட்டுகின்றன. உச்ச வடிவம் ஃபார்தெஸ்ட். லண்டனில் ரயிலேறி வடக்கே போனால் யார்க் முதலில் வரும், எடின்பரோ அதற்கும் அப்பால். ஆகவே எடின்பரோதான் ஃபார்தர். ஆற்றின் இரு கரைகளில் அக்கரையைச் சுட்டவும் இச்சொல் பயன்படும். அப்போது ‘எதைவிட’ என்று சொல்லவே வேண்டியதில்லை.

குழப்பம் ஃபர்தர் என்ற அடுத்த சொல்லால் வருகிறது. இரண்டில் மூத்தது அதுவே. பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. ‘முன்னோக்கி’ எனப் பொருள்படும் ஃபோர்த் என்ற சொல்லுக்கு உறவு. ஃபாருக்கு அந்நாளில் வேறோர் ஒப்பீட்டு வடிவம் இருந்தது. அது வழக்கொழிந்தபோது அந்த இடத்துக்கு ஃபர்தர் வந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அதன் மாற்று வடிவமாகத் தோன்றி, ஒலி ஒற்றுமையால் ஃபாரோடு ஒட்டிக்கொண்டதே ஃபார்தர். இலக்கண நூல்கள் தாய் என்று காட்டும் ஃபார், உண்மையில் வளர்ப்புத் தாய்.

அளக்கக்கூடிய தூரத்துக்கு ஃபார்தர், அளவு, காலம், ‘மேற்கொண்டு’ என்ற பொருள்களுக்கு ஃபர்தர் என்று பிரிக்கும் விதி பிற்காலத்தது. தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட புகழ்பெற்ற இரங்கற்பாவில், தூரமே இல்லாத இடத்தில் ஃபார்தர் வருகிறது. அன்று யாருக்கும் அது பிழையாகப் படவில்லை. ஆங்கிலச் சொல்வழக்கு பற்றி 1926இல் நூல் எழுதிய ஃபவ்லர், பெரும்பாலோர் ஏதாவது ஒன்றையே எல்லாவற்றுக்கும் எழுதுகிறார்கள், அதிலும் ஃபர்தரையே விரும்புகிறார்கள் என்று கருதினார். அமெரிக்காவிலோ, ஸ்ட்ரங்க், ஒயிட் இருவர் பெயரில் 1959இல் வந்த ‘தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்’ போன்ற கையேடுகள் பிரிவினையை வலியுறுத்தின. அங்கே பத்திரிகை ஆசிரியர்கள் இன்றும் அதைப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் தூரத்துக்கும் ஃபர்தர் தாராளமாக வரும். 1964இல் எழுத்தாளர் கென் கீசியும் நண்பர்களும் பழைய பள்ளிப் பேருந்து ஒன்றுக்கு வண்ணமடித்து அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார்கள். விதிப்படி அதற்கு ஃபார்தர் என்றல்லவா பெயர் வைத்திருக்க வேண்டும்? முகப்புப் பலகையில் எழுதியது ஃபர்தர். அதையும் முதலில் எழுத்துப் பிழையோடு.

விதியைப் பின்பற்றுகிறவர்களுக்கும் சங்கடம் உண்டு. ஒரு நாவலில் ஒருவர் 80ஆம் பக்கத்திலும் மற்றவர் 200ஆம் பக்கத்திலும் இருந்தால், அது தூரமா, அளவா? ‘உண்மையிலிருந்து விலகி’ என்னும்போது விலகல் உருவகம்தான், ஆனால் சொல் தூரத்தினுடையது. இத்தகைய இடங்களில் இரண்டும் அச்சேறுகின்றன. ஐயம் வந்தால் ஃபர்தர் எழுதுவதே பாதுகாப்பு. அது தூரத்துக்கும் பொருந்தும், ஆனால் ஃபார்தரைக் கண்ட இடத்தில் போட முடியாது. வளர்த்தல், முன்னெடுத்தல் என்ற வினைப்பொருளில் இன்று ஃபர்தர் மட்டுமே வரும். ‘மறு அறிவிப்பு வரும் வரை’ என்பதற்கான அலுவலகத் தொடரிலும், மேற்படிப்பு விண்ணப்பங்களிலும் அதுவே நிலைத்துவிட்டது.

உச்சரிப்பில், மெய்யொலிக்கு முன் வரும் ‘ர்’ ஒலியை விட்டுவிடும் தென் இங்கிலாந்தில் ஃபார்தரும் தந்தையைக் குறிக்கும் ஃபாதரும் காதுக்கு ஒன்றே.