டிஸ்கார்டுல டிராகன் சண்டை... அடுத்து யாரோட டர்ன்?

காரிமங்கலத்துல ஒருத்தர், ஓசூர்ல ஒருத்தர், பெங்களூருல மூணு பேர்னு பிரிஞ்சு கிடக்கிற நண்பர்கள் ஞாயிறு ராத்திரி ஒண்ணா விளையாட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' செம சாய்ஸ். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட இந்த மேசை விளையாட்டை இப்போ டிஸ்கார்டு வாய்ஸ் சேனல்லயே நடத்தலாம். கதை ஓடுறவரைக்கும் பிரச்னை இல்லை. சண்டை ஆரம்பிச்சா, எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க.

நேர்ல உட்கார்ந்தா முகத்தைப் பார்த்தே அடுத்தது யார்னு தெரிஞ்சிடும். வாய்ஸ்ல அந்த வசதி இல்லை. அதனால, சண்டை தொடங்கும்போது 20 பக்கப் பகடையை உருட்டி முடிவு பண்ற 'இனிஷியேட்டிவ்' வரிசையை சாட்ல டைப் பண்ணி பின் பண்ணிடுங்க. ஒவ்வொரு தடவையும் "இப்போ நீ, அடுத்து அவன்"னு ரெண்டு பேரையும் கூப்பிடுங்க. அடுத்தவர் யோசிச்சு ரெடியா இருப்பார். கதையில ஒரு ரவுண்டு வெறும் 6 விநாடிதான். ஆனா, ஆளுக்கு 3 நிமிஷம்னா 5 பேருக்குக் கால் மணி நேரம். அதுக்குள்ள பாதிப்பேர் ரீல்ஸுக்குப் போயிருப்பாங்க!

போன் ஸ்கிரீன்ல மேப் பார்க்கிறது கொடுமை. வாயாலயே சொல்லிடலாம். தர்மபுரி பக்கம் பாரதக் கூத்து பார்த்தவங்களுக்கு இது புதுசில்லை. தேரே இல்லாம தேர்ப்போர் பார்த்தவங்கதானே நாம! "கதவுகிட்ட ரெண்டு கோப்ளின், உனக்குப் பத்தடி தூரம்" - இவ்வளவு போதும்.

முக்கியமா, நடுவுல நெட் போனா என்னங்கிறதை முதல்லயே பேசிக்கோங்க. திரும்பி வர்றவரைக்கும் அந்த கேரக்டர் 'டாட்ஜ்' பண்ணுதுன்னு வெச்சுக்கலாம். மாசக்கணக்கா வளர்த்த ஹீரோ சிக்னல் இல்லாம செத்தா, அந்த நண்பர் அடுத்த வாரம் வரமாட்டார்.