தனம்மாள் குலத்து நாட்டிய மணி

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எழுப்பிய முதலாம் இராசராச சோழன், சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் ஆடல் மகளிர் 400 பேரைக் கொணர்ந்து அக்கோயிலைச் சூழக் குடியமர்த்தினான். தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு அவர்களைக் குறிக்கின்றது. ஒவ்வொருவர் பெயரும், அவர் எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவருக்குரியது என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. அஃது ஒவ்வொருவருக்கும் உரியது. திருப்பணிக்குப் பொருள் வழங்கிய அன்பர்களின் பெயரைக் கல்லில் பொறிப்பது இன்றும் நம்மிடையே உள்ள வழக்கம். அந்நாளில் இறைவன் திருமுன் ஆடியவர்களின் பெயரும் அவ்வாறே கல்லிலேறிப் பெருமை பெற்றது.

அம்மகளிர் வழியில் வளர்ந்த கலை, சதிர் என்றும் சின்னமேளம் என்றும் பெயர் பெற்று, மாலைப் பூசையில் கும்பாரத்தி எடுப்பதிலும், திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின் முன் ஆடுவதிலும் பல நூற்றாண்டு நிலைபெற்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தஞ்சை மன்னர் சரபோஜியின் அவையை அணிசெய்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய ஆடல் முறையை வகுத்துத் தந்தனர். அதே தஞ்சை அரண்மனையோடு தொடர்புடையதாய், பாப்பம்மாள் என்னும் மூதாட்டியிலிருந்து கிளைத்து வந்தது ஓர் இசைக்குடும்பம். அக்குடும்பத்தின் காமாட்சி அம்மாள் அரண்மனையில் ஆடியவர். அவருடைய மகள் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரிகளின் திருமகனார் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். சுந்தரம்மாளின் மகளே வீணை தனம்மாள்.

1867இல் பிறந்த தனம்மாளின் புகழை இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் நிகழ்ந்த வீணை வாசிப்பைக் கேட்கப் பெரும் வித்துவான்களும் வந்து அமர்வர். அங்கே அரவம் எழாது. மிழற்றும் கருவியின்றி, விரல் நுனியாலேயே தந்தியை மீட்டிப் பாடியும் வாசித்தும், க்ஷேத்ரக்ஞரின் பதங்களை அவர் உருக்கி வார்த்த அருமையைக் கேட்டவர்கள் மறந்ததில்லை. அவருடைய மகளிருள் ஒருவரான ஜயம்மாள் இன்குரலால் பெயர் பெற்றவர். பெயர்த்திகளான பிருந்தாவும் முக்தாவும் அந்த இசைச் செல்வத்தைக் கட்டிக் காத்தவர்கள். ஜயம்மாளின் மக்களுள் ரங்கநாதன் மிருதங்கத்திலும் விசுவநாதன் புல்லாங்குழலிலும் தேர்ந்தனர். இத்துணை இசையும் நிரம்பி வழிந்த வீட்டிலே, 1918ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் பாலசரஸ்வதி பிறந்தார்.

வீணை கைக்கொள்ள வேண்டிய குழந்தை சலங்கையை நாடிற்று. தெருவில் ஆடிக்கொண்டு வரும் பித்தன் ஒருவனைக் கண்டு, தானும் அவனோடு சேர்ந்து ஆடுவது அக்குழந்தையின் விளையாட்டு, வீட்டார் நகைத்தனர். ஆனால் மயிலாப்பூர் கௌரி அம்மாளின் ஆடலைக் கண்டபின் அது விளையாட்டாக இல்லை. கௌரி அம்மாள் கபாலீச்சரத்தின் ஆடல் மரபைச் சேர்ந்தவர், அபிநயத்தில் இணையற்றவர். தானும் அவர்போல் ஆடவேண்டுமென்று குழந்தை பிடிவாதம் செய்தது.

அந்நாளில் அஃது எளிய வேண்டுகோளன்று. ஆடல் மகளிரின் வாழ்வைச் சமூகம் இழிவாகக் கருதத் தலைப்பட்டிருந்த காலம் அது. இசையால் உயர்ந்த குடும்பத்துப் பெண்ணை ஆடலில் விடுவது தகாதென்று உறவினர் தடுத்தனர். ஜயம்மாள் உறுதியாக நின்றார். அவ்வன்னை அன்று உறுதி தளர்ந்திருப்பின், இக்கட்டுரைக்கே பொருள் இராது.

ஆசானாக அமைந்தவர் தஞ்சை நால்வர் வழிவந்த நட்டுவனார் கந்தப்ப பிள்ளை. கண்டிப்புக்குப் பெயர் போனவர். நான்கு வயதில் தொடங்கிய பயிற்சியில் விடியற்காலையும் நண்பகலும் மாலையும் அடவுகளே. ஓர் அடவு செம்மையுறாமல் அடுத்த அடவுக்குச் செல்வதென்பது அவரிடம் கிடையாது. தாளத்தின் கணக்கைப் பிள்ளைப் பருவத்திலேயே குருதியில் கலந்துவிடச் செய்தவர் அவர். அபிநயத்தைக் கௌரி அம்மாளும், பின்னர் சின்னையா நாயுடுவும், கூசிப்பூடி வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரிகளும் கற்பித்தனர். இவற்றுக்கெல்லாம் அடிநிலமாய் இருந்தது வீட்டில் இடையறாது ஒலித்த சங்கீதம். பதத்தின் ஒரு சொல்லுக்குள் எத்தனை பொருள் உறைகின்றது என்பதைப் பாட்டியிடமும் அன்னையிடமும் கேட்டே அவர் அறிந்தார். கை காட்டும் பொருளைக் குரலும் காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை; ஆகவேதான் பிற்காலத்திலும் ஆடும்போதே தாமும் பாடினார்.

1925ஆம் ஆண்டு, ஏழாவது வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் அரங்கேற்றம் நடைபெற்றது. அரங்குகளும் சபைகளும் அயல்நாட்டு மேடைகளும் பின்னர் எத்தனையோ வந்தன. முதற் சலங்கை ஒலி அம்பிகையின் திருச்செவியில்தான் விழுந்தது.

1934இல் கல்கத்தாவில் ஆடினார். தென்னாட்டின் இவ்வாடலை வடநாட்டு மக்கள் முதன்முதலாகக் கண்டது அவர் வாயிலாகவே என்று சொல்லலாம். அந்நாளில் அந்நகரில் அவருடைய ஆடலைக் கண்ட பள்ளிச் சிறுவன் ஒருவன் அதனை வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. அச்சிறுவனே பிற்காலத்தில் திரைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்ற சத்தியஜித் ராய். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1976இல், ‘பாலா’ என்னும் பெயரில் அவர் ஒரு குறும்படம் எடுத்தார். கடற்கரையில் காற்று சேலைத் தலைப்பை அலைக்கழிக்க, கண்ணனை வாவென்று அழைக்கும் கன்னடப் பாடலுக்கு அம்மையார் ஆடும் காட்சி அதில் இடம்பெற்றுள்ளது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டை ஒட்டியிருக்கும். அன்னையின் கண்ணில் குழந்தை கண்ணன் தெரிவதைக் காண்போர்க்கு வயது தெரிவதில்லை.

இடைப்பட்ட காலமோ துயரம் மிக்கது. 1938இல் தனம்மாள் மறைந்தார். 1941இல் ஆசான் கந்தப்பர் காலமானார். உடல்நலமும் குன்றிற்று. மறுபுறம், கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் 1927இல் சட்டமன்றத்தில் தொடங்கிய முயற்சி, 1947இல் சென்னை மாகாணச் சட்டமாக நிறைவேறிற்று. அறியாப் பருவத்துச் சிறுமியரை மீளமுடியாத வாழ்வில் தள்ளிய கொடுமையை நிறுத்த அச்சட்டம் வேண்டியதே. அதனை மறுப்பார் இலர். எனினும் நெல்லோடு கலந்த பதரைத் தூற்றும்போது நெல்லும் சிறிது காற்றில் போவதுண்டு. சந்நிதியில் ஆடல் நின்றது. தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்த குடும்பத்துப் பெண்கள் பலர் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு, தம் பிறப்பையே மறைத்து வாழ நேர்ந்தது. ஆடலோ புதிய பெயருடன் பிற குடும்பத்துப் பெண்களிடம் பரவிப் பெருமதிப்பு எய்திற்று. கலை வாழ்ந்தது, அதனை வாழ்வித்தவர்கள் மறக்கப்பட்டனர்.

பாலசரஸ்வதி அம்மையார் தம் குலத்தை மறைக்கவில்லை. அதனினும் அரியதொன்று அவர் செய்தது. பதங்களில் வரும் சிருங்காரம் இழிவுடையது, அதனை நீக்கினால்தான் இக்கலை தூய்மையுறும் என்று கற்றோர் பலர் கூறிவந்த நாளில், அதனைத் துணிந்து மறுத்தார். தலைவனை எண்ணித் தலைவி வருந்துவது, இறைவனை எண்ணி உயிர் வருந்துவதன் வடிவம். அதில் நீக்கத்தக்கது எதுவுமில்லை, ஆடுபவர் உள்ளம் தூயதாயின் சிருங்காரமே பக்தி என்பது அவர் நிலை. நாயகி பாவத்தில் பாடிய ஆழ்வார்களையும், பெருமானைக் காதலனாகக் கொண்டு உருகிய நாயன்மார்களையும் போற்றும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

திருத்தணிகை முருகனுக்கு அவர் செய்த வேண்டுதலைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. நோயுற்றிருந்த காலத்தில், குணமானால் சந்நிதியில் ஆடுவதாக நேர்ந்துகொண்டார். ஆனால் கோயிலில் ஆடுவதற்கு இடமில்லாத காலம் வந்துவிட்டது. அர்ச்சகரின் இசைவைப் பெற்று, கூட்டமெல்லாம் கலைந்தபின், தாளிட்ட கதவுகளுக்குள் முருகப்பெருமான் ஒருவனே காண ஆடி நேர்த்திக்கடனை நிறைவேற்றினார் என்பர். காணிக்கை செலுத்துவோர் உண்டியலில் பொன்னும் பொருளும் இடுகின்றனர். பிறவியிலிருந்தே சந்நிதிக்குரியதாக இருந்த ஒன்றை அவர் மறைவாகச் செலுத்தவேண்டி வந்தது.

அறிஞர் வே. இராகவன் முதலியோரின் ஊக்கத்தால், 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் கலை மீண்டும் ஒளி வீசிற்று. சென்னை மியூசிக் அகாதெமியின் ஆதரவில் நாட்டியப் பள்ளி ஒன்று தொடங்கி நடத்தினார். கந்தப்பரின் மைந்தர் கணேசனே நட்டுவாங்கம் செய்தார். அன்னை ஜயம்மாள் பாடினார். 1955இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1957இல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன. 1961இல் டோக்கியோ, 1962இல் அமெரிக்கா, 1963இல் எடின்பரோ விழா எனக் கடல் கடந்தும் சென்றார். பதத்தின் மொழி அறியாத அந்நாட்டவரும் அவர் முகத்தில் பொருளைப் படித்தனர். 1967இல் ஜயம்மாள் மறைந்தது அவருக்குப் பேரிழப்பு. 1973இல் இசைவாணர்களுக்கே உரிய ‘சங்கீத கலாநிதி’ பட்டத்தை மியூசிக் அகாதெமி அவருக்கு அளித்தது. ஆடலரசி ஒருவர் அப்பட்டம் பெற்றது வேறு எவர்க்கும் வாய்க்காத பெருமை. தனம்மாளின் பெயர்த்திக்கு அது பொருந்தும். 1977இல் பத்மவிபூஷண் விருதும் வந்தது.

1975இல் தமிழிசைச் சங்கம் ‘இசைப் பேரறிஞர்’ பட்டம் அளித்து அவரைச் சிறப்பித்தது. அவ்விழாவில் அவர் ஆற்றிய தலைமையுரை, குடமுழுக்குக் காணும் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. நாட்டியக் கச்சேரியின் அமைப்பை அவர் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டார். அலாரிப்பு என்பது கோபுர வாயில். அதனைக் கடந்தால் ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் பெருமண்டபம். வர்ணத்தில் ஆடுபவர் இறைவன் திருமுன் வந்து நிற்கிறார். அங்கே இடம் விரிகின்றது. இசையும் தாளமும் பாவமும் ஒருங்கே விளங்குகின்றன. அதன்பின் வரும் பதங்களோ வெளியின் ஆரவாரம் அடங்கிய கருவறை. அந்த இருளும் குளிர்ச்சியுமே அங்குள்ளன. தில்லானாவில் கற்பூர ஆரத்தி எழுகின்றது, மணியோசை முழங்குகின்றது. இறுதியில் சுலோகத்தோடு, வெளியே கண்ட மூர்த்தியை உள்ளத்தில் எழுந்தருளச் செய்துகொண்டு அன்பர் இல்லம் மீள்கின்றார். ஆகவே இவ்வரிசையை விருப்பம்போல் மாற்றலாகாது என்று அம்மையார் வற்புறுத்தினார். வழிபடச் செல்பவர் கருவறையிலிருந்து கோபுரத்துக்குப் பின்னோக்கி நடப்பதில்லையே!

கோயிலுக்குள் ஆட இடமற்றுப் போன காலத்தில், ஆடலுக்குள்ளேயே கோயிலைக் கட்டிக் காட்டியவர் அவ்வம்மையார். 1984ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 9ஆம் நாள் சென்னையில் இறைவனடி சேர்ந்தார். அவர் மகள் லட்சுமி அன்னையிடம் கற்ற பதங்களையும் வர்ணங்களையும் இந்நாட்டிலும் அமெரிக்காவிலும் ஆடியும் கற்பித்தும் வந்து, 2001இல் மறைந்தார்.