‘…துறை’ என்று மட்டும் கேட்டால்

யாழ்ப்பாணம் டவுனில 2500 ரூபாய்க்கு வாங்கின இயர்பட்ஸைக் காதில மாட்டிக்கொண்டு மண்கும்பான் பஸ்ஸில வாறம். பாட்டு அதிருது, சந்தோசம். பாட்டை நிப்பாட்டி ஒரு நேர்காணலைப் போட்டால், கதைக்கிறவர் போர்வைக்குள்ள இருந்து கதைக்கிறார்! மலிவு இயர்பட்ஸ் பலதில் இதுதான் வித்தை. அடித்தொனியைக் கூட்டிவிட்டால் கடையில கேட்கேக்க ‘நல்ல சத்தம்’ மாதிரி இருக்கும். குரலைத் தெளிவாக்கிற நடுத்தொனி அமுங்கிப்போகும்.

எங்கட வீட்டுப் பெரியாக்களிட்ட இது எடுபடாது. அவர்களின் காது வேறு காலத்தில் பழகினது.

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்க, குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைப்பட்டியலில். ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்க, எங்கட சனத்தில் பலர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே செய்தி கேட்க சைக்கிள்தான் மின்நிலையம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ பாடும். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்குத் தேவை நேரோட்டம். அதனால் இடையில் டயோட் வைத்துக் கட்டுவார்கள். அப்படியும் பேச்சோடு ஒரு இரைச்சல் ஒட்டிக்கொண்டு வரும். சுற்றுகிற கை களைத்தால் குரலும் சோரும். கசெட் என்றால் பாடகரே கிழவராகிவிடுவார்.

லண்டனிலிருந்து தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். இரண்டும் சிற்றலை, அலை ஏறி இறங்க, சொல்லும் பாதியில் விழுங்கப்படும். குண்டு விழுந்தது ‘…துறை’யில் என்று மட்டும் கேட்டால், அது பருத்தித்துறையா, வல்வெட்டித்துறையா, காங்கேசன்துறையா? அங்கே சொந்தக்காரர் இருந்தால் அன்றிரவு நித்திரை இல்லை. நல்ல சத்தம் என்பது அவர்களுக்கு ஊர்ப்பேர் விளங்குகிற சத்தம்.

பழைய தொலைபேசியைக் கட்டினவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பேச்சு விளங்க 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் போதும் என்று வைத்தார்கள். அதற்குக் கீழ இருக்கிற அதிர்வுக்குத்தான் இப்ப நாங்கள் கூடுதலாக் காசு குடுக்கிறம்.

அதனால் அடுத்த சோடி வாங்கேக்க பாட்டுப் போடவில்லை. கடையிலேயே செய்தி வாசிப்பைப் போட்டு, சத்தத்தைப் பாதிக்குக் கீழ குறைத்துக் கேட்டம். 1800 ரூபாய்ச் சோடி முந்தினதை வென்றது. வீட்டில அம்மம்மா ஒரு காதில மட்டும் வைத்துப் பார்த்து, “இதில ஊர்ப்பேர் விளங்குது” என்றா.

மைக்தான் சரியில்லை. சாட்டிக் கடற்கரைக் காத்துக்குள்ள கோல் எடுத்தால் மற்றப் பக்கத்துக்குக் காத்து மட்டும்தான் கேட்குதாம்.