செவித்திறன் குறைந்தோரும் கைப்பேசியும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

தொலைபேசிக்கு 1876ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், காதுகேளாதோருக்குப் பேச்சுப் பயிற்சி அளித்துவந்த ஆசிரியர். அவருடைய தாயார் செவித்திறன் குன்றியவர். மனைவி மேபல் சிறுவயதிலேயே செவித்திறனை இழந்தவர். எனினும் பெல்லின் கருவி அவருடைய மனைவிக்கே பயன்படாத ஒன்றாக இருந்தது. இக்குறையை நீக்கும் முதல் பெரிய முயற்சி 88 ஆண்டுகள் கழித்து, காதுகேளாத ஒருவரிடமிருந்தே வந்தது. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட், தட்டச்சு செய்த எழுத்தைச் சாதாரணத் தொலைபேசி இணைப்பின் வழியே அனுப்பும் முறையை 1964இல் உருவாக்கினார். அம்முறை இந்தியாவில் பரவலாகவில்லை. இங்கு காதுகேளாதோரின் தொலைபேசி வரலாறு பெரும்பாலும் கைப்பேசியோடுதான் தொடங்குகிறது.

கேரளத்தில் கைப்பேசிச் சேவை 17.9.1996 அன்று கொச்சியில் தொடங்கியது. முதல் அழைப்பில் பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. உலகின் முதல் குறுஞ்செய்தி அதற்கு 4 ஆண்டுகள் முன்னரே, 1992 டிசம்பரில், பிரிட்டனில் அனுப்பப்பட்டிருந்தது. குறுஞ்செய்தியும் அதிர்வும் காதுகேளாதோரைக் கருதி அமைக்கப்பட்டவை அல்ல. ஆயினும் இவ்விரண்டுமே அவர்களுக்குக் கைப்பேசியைத் திறந்துவிட்டன.

பிறருக்காக அமைந்த வசதியைச் சார்ந்திருப்பதில் ஓர் ஆபத்து உண்டு. தொல்லைதரும் விளம்பரச் செய்திகளைத் தடுக்கும் நோக்கில், ஒருவர் ஒரு நாளில் 100 குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பக்கூடாது என்ற கட்டுப்பாட்டை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் இவ்வரம்பு 200 ஆக உயர்த்தப்பட்டது. தனிநபர் செய்திகளைப் பொறுத்தவரை இக்கட்டுப்பாடு செல்லாது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2012 ஜூலையில் தீர்ப்பளித்தது. பேசக்கூடிய ஒருவருக்கு 100 செய்தி என்பது மிகுதி. எழுத்தாலேயே உரையாடுபவருக்கு அது நாள்முழுதும் பேசுவதற்கான அளவீடு. இவ்வரம்பு வகுக்கப்பட்டபோது அத்தகைய பயனர் கணக்கில் இல்லை.

கேரள எல்லைப் பகுதிகளில் இச்சிக்கலுக்கு மொழி என்னும் மற்றொரு முகமும் உண்டு. 1.11.1956 அன்று கேரளம் உருவானபோது தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை, சித்தூர் ஆகிய வட்டங்களின் தமிழ் பேசும் மக்கள் அம்மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளித்தது. ஆனால் கைப்பேசியின் எழுத்துலகம் வேறு விதிகளால் ஆனது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்தி 160 குறியீடுகளைக் கொள்ளும். தமிழிலோ மலையாளத்திலோ எழுதினால் 70 மட்டுமே. தமிழில் மெய்யெழுத்துக்கும் பெரும்பாலான உயிர்மெய் எழுத்துகளுக்கும் இரண்டு குறியீடுகள் தேவைப்படுவதால் அந்த எழுபதும் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கம் பெருகியது. அது ஒலியைக் கொண்டு சொல்லை ஊகிக்கும் முறை. பிறவியிலேயே கேளாதவர் சொல்லைக் கண்ணால் கற்றவர்; அவருக்கு இந்த எழுத்துமுறை மேலும் ஒரு தடை.

ஓரளவு கேட்கக்கூடியவர்களின் சிக்கல் வேறு. ஜி.எஸ்.எம். கைப்பேசி நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு அலைகளை வெளியிடுவதால், செவித்துணைக் கருவியில் இரைச்சல் எழும். அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் தொலைபேசிகள் செவித்துணைக் கருவியோடு ஒத்துப்போக வேண்டும் என்றது. கைப்பேசிக்கு விலக்களித்தது. அவ்விலக்கு 2003இல் கட்டுப்படுத்தப்பட்டது. எல்லாக் கைப்பேசிகளும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதி 2024இல்தான் வந்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்பை அணுகும் உரிமையைக் கூறுகிறது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மாதிரிகளைத் தயாரிக்கும் நிறுவனம் அணுகத்தக்க மாதிரி ஒன்றையாவது 2020 இறுதிக்குள் வெளியிட வேண்டும் என ஒழுங்குமுறை ஆணையம் 2018 ஜூலையில் பரிந்துரைத்தது. பரிந்துரை கட்டளை ஆகாது. செவித்துணைக் கருவியை அணிந்தபடியே கடையில் ஓர் அழைப்பைப் பேசிப்பார்ப்பதுதான் வாங்குவோர் தாமே செய்யக்கூடிய நம்பகமான சோதனை.

நான்காம் தலைமுறை அலைக்கற்றைச் சேவை 2016க்குப் பின் மலிவானதும் காணொளி அழைப்பு பரவியது. சைகை மொழி முதன்முறையாகப் பெருமளவில் கைப்பேசிக்குள் வந்தது. இந்தியச் சைகை மொழி தமிழின் வடிவமோ மலையாளத்தின் வடிவமோ அன்று. வட்டாரத்துக்கு வட்டாரம் சொற்கள் வேறுபட்டாலும் அதற்கெனத் தனி இலக்கணம் உண்டு. எனவே வாளையாற்றின் இருபுறமும் உள்ள இரு காதுகேளாதோர், எழுத்தில் தமிழ், மலையாளம் எனப் பிரிந்திருப்பினும், சைகையில் உரையாட வாய்ப்புண்டு. ஆனால் அதற்குத் தடையற்ற இணைய இணைப்பு வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலைத் தோட்டங்களில் அதனை எங்கும் எதிர்பார்க்க இயலாது.

இக்குறை உயிரோடு தொடர்புடையது. 6.8.2020 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போனதால் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே எட்டியது. பின்னர் 31.10.2023 அன்று, கைப்பேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் ஒலியும் அதிர்வும் எழுத்தும் கொண்ட எச்சரிக்கையை அனுப்பும் ஒத்திகை கேரளத்தில் நடைபெற்றது. செவித்துணைக் கருவியைக் கழற்றிவைத்து உறங்குபவருக்கு ஒலி எட்டாது. அதிர்வு எழுப்ப வேண்டும். எழுந்தவருக்கு எழுத்து புரிய வேண்டும். எச்சரிக்கை மலையாளத்தில் மட்டும் வந்தால், தமிழ்வழியில் படித்த காதுகேளாத தொழிலாளி அக்கம்பக்கத்தாரிடம் காதால் கேட்டு அதனை அறிந்துகொள்ளவும் இயலாது.

ஆகவே, அணுகத்தக்க கைப்பேசி எது என்ற வினாவுக்குக் கருவியின் தரத்தை மட்டும் கொண்டு விடை கூற முடியாது. எந்த மொழியில் எழுத்து வருகிறது, மலைச்சரிவில் இணைப்பு நிற்கிறதா, நள்ளிரவில் அது உறங்குபவரை எழுப்புமா என்பனவும் அவ்வினாவில் அடங்கும். மொழிச் சிறுபான்மையினர் ஆய்வும் மாற்றுத்திறனாளிகள் ஆய்வும் தனித்தனியே நடைபெறும்வரை, இவ்விரு அடையாளங்களையும் ஒருங்கே கொண்டவர் இரண்டின் பார்வையிலும் விடுபட்டே போவார்.